கடிகாரம் காட்டும் 172 உங்கள் நெஞ்சுடையதா, காலுடையதா?

கேள்வி: எனக்கு வயது 48. தேவகோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில் 21 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று பயிற்சி செய்கிறேன். மூன்று வாரத்தில் 8 கிலோமீட்டரிலிருந்து 14க்கு வந்துவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் அதில் இதயத் துடிப்பு 172 என்று வந்து அப்படியே நிற்கிறது. சிவப்பு மண்டலம் என்று எச்சரிக்கிறது. 220இல் வயதைக் கழித்தால் என் உச்சமே 172தானே? ஆனால் நண்பரிடம் கடை விஷயம் பேசிக்கொண்டேதான் ஓடுகிறேன். இன்னொன்று, 42 ஆக இருந்த எச்.ஆர்.வி. (துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் ஏற்ற இறக்கம்) எண் இரண்டு வாரமாக 28, 30 என்று கிடக்கிறது. (கடை அடைத்து, ஆவணி முகூர்த்தங்களுக்கும் தலைகாட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது, நாலரைக்கு எழுந்து ஓடுகிறேன்.) உடற்பயிற்சிக் கூடத்தில் இதை ‘நரம்புச் சோர்வு’ என்று சொல்லி, காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்த முகாமுக்கு அனுப்பினார்கள். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டு, மூன்று மாதப் பயிற்சியும் பவுடரும் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார்கள். ஓட்டத்தை நிறுத்தட்டுமா, பணம் கட்டட்டுமா? காலையில் ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறேன். வேறு தொந்தரவு இல்லை.

பதில்: பணம் கட்டாதீர்கள். ஓட்டத்தை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். நான் கீழே சொல்கிறபடி மருத்துவரைப் பார்த்து வரும்வரை மெதுவோட்டமும் நடையும் மட்டும் போதும். பிரஷர் மாத்திரையைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த 172. உண்மையிலேயே உச்சத் துடிப்பில் ஓடுகிறவருக்கு ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் வாயில் வராது. சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவும் முடியாது. நீங்களோ டிஎம்டி கம்பி விலை பேசிக்கொண்டு ஓடுகிறீர்கள். ஆகவே கடிகாரம் தப்பாக இருக்க வேண்டும், அல்லது உச்சம் என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பாக இருக்க வேண்டும். இரண்டும் தப்பாக இருப்பதும் சாதாரணமாக நடப்பதுதான்.

கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் போய், ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப மாறித் திரும்புகிறது. அதை வைத்துத்தான் துடிப்பைக் கணிக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இது ஓரளவு நம்பகமானது. ஓடும்போது கை வீசுகிறது, ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டு குலுங்குகிறது. நம்மில் பலர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடுகிறோம். கடிகாரம் குழம்பி, நெஞ்சின் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் ஓர் எண்ணுக்கு வந்து ‘அப்படியே நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என் சந்தேகத்தைக் கிளப்புகிறது. மேடு வந்தால் ஏறுவதும், பேச நின்றால் இறங்குவதும்தான் இதயத்தின் பழக்கம்.

நாளைக் காலை ஊருணிக் கரையில் ஓடும்போது, 30 விநாடிக்கு வலது கால் மட்டும் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். அதை நான்கால் பெருக்குங்கள். 43 என்று வந்தால் 172 ஆகிறது. கடிகாரம் உங்கள் காலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. உடனே நின்று, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 15 விநாடி நாடி பிடித்து, அதையும் நான்கால் பெருக்குங்கள். தாமதிக்காதீர்கள், நின்றவுடன் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். ஒரு துடிப்பு எண்ணத் தவறினால் விடையில் நான்கு பிசகும், பரவாயில்லை. 172க்கும் 140க்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிசகில் மறைந்துவிடாது. நாடி பிடிக்கத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ள முகாம் வேண்டியதில்லை. காரைக்குடியில் அழகப்பா பெயரில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இருக்கக்கூடும். கேளுங்கள்.

அடுத்தது, 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு. 1970களின் தொடக்கத்தில் பல ஆய்வுகளின் புள்ளிகளைச் சேர்த்து, நடுவே குத்துமதிப்பாக இழுத்த கோடு அது. சராசரியிலிருந்து இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு தள்ளியிருப்பவர்கள் ஏராளம். 48 வயதில் ஒருவருக்கு 160 உச்சமாக இருக்கலாம், இன்னொருவருக்கு 184 இருக்கலாம். இருவருமே நலமாக இருக்கலாம். 2001இல் இன்னொரு வாய்ப்பாடு வந்தது: வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிப்பது. உங்களுக்கு 174 வரும். அதுவும் சராசரிதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கடிகாரம் பூசும் மண்டலங்களெல்லாம், நீங்கள் வேறொன்றைப் பதியாதவரை, பெரும்பாலும் இப்படியொரு சராசரியின் மேல் கட்டியவை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழநிக்கு நடப்பவர்களிடம் இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. பாட முடிகிறதா, இலகுவான வேகம். பேச முடிகிறது, பாட வரவில்லை என்றால் நடுத்தரம். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் கடினம். உங்கள் வாரத்தில் பெரும்பகுதி முதல் இரண்டில் இருக்கட்டும்.

இப்போது மாத்திரை. ஆறு வருடமாக அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். டோக்கன் வரிசையில் அறுபதாவது ஆளாக உட்கார்ந்து உள்ளே போனால், “பிரஷர் நார்மல், இதையே சாப்பிடுங்க” என்பதோடு முடிந்துவிடும். இந்த மாத்திரை போட்டால் ஓடலாமா, துடிப்பு எப்படி மாறும் என்று சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. மருந்துக் கடையிலோ பத்து மாத்திரை என்று கேட்டால் பதினைந்து உள்ள அட்டையைக் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள். பெயர் அந்தப் பக்கத் துண்டோடு போய்விடுகிறது. என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் பாதி ஊர் மாத்திரை சாப்பிடுகிறது.

முழு அட்டையாக வாங்குங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது ‘லால்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்: அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், நெபிவோலால், கார்வெடிலால். இவை பீட்டா பிளாக்கர் வகை. வேகமாக அடி என்று உடம்பு இதயத்துக்கு அனுப்பும் உத்தரவை இவை பாதி வழியில் தடுக்கின்றன. இந்த மாத்திரை போடுகிறவர் உயிரைக் கொடுத்து ஓடினாலும் துடிப்பு வழக்கமான உச்சத்தைவிட இருபது முப்பது குறைவாகவே நின்றுவிடலாம். அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை அப்படித் துடிப்பைப் பிடித்து வைப்பதில்லை. ஆனால் டெல்மிசார்டனோடு மெட்டோபுரோலாலைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கியும் விற்கிறார்கள்; அதனால்தான் பொடி எழுத்தைக் கடைசி வரை படிக்கச் சொல்கிறேன்.

உங்களுடையது ‘லால்’ என்றால் அந்த 172 கிட்டத்தட்ட நிச்சயமாகக் கால்தான். அதைவிடப் பெரிய ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. நெஞ்சில் கட்டும் நல்ல துடிப்புப் பட்டை மாட்டிச் சரியான எண் 128 என்று வந்தால், “இன்னும் மண்டலத்துக்கே வரவில்லையே” என்று கடிகாரமும் பயிற்சியாளரும் சேர்ந்து உங்களை விரட்டுவார்கள். உங்கள் உடம்பு அப்போதே தன் எல்லையில் இருக்கலாம். மாத்திரைக்கு முன் விடியற்காலையில் ஓடினால் ஒரு துடிப்பு, மாத்திரை போட்டுவிட்டு ஓடினால் வேறொரு துடிப்பு என்றும் வரும். அதைப் பார்த்து ‘முன்னேற்றம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவ்வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு மேலே சொன்ன பாட்டுச் சோதனையே அளவு. முக்கியமாக, ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த வகையைச் சட்டென்று நிறுத்தினால் இதயம் எகிறும். நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோய்விடும். மாற்றுவதா, குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எச்.ஆர்.வி.க்கு வருகிறேன். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று நினைக்கிறோம். உண்மையில் ஓர் இடைவெளி 0.97 விநாடி, அடுத்தது 1.03 விநாடி என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தாமதிக்கும். உடம்பு நன்றாக ஓய்ந்திருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் கூடுதல். களைப்பு, காய்ச்சல், தூக்கமின்மை, மது, வெயிலில் நீர் வற்றுதல் எது வந்தாலும் குறையும். இதற்கு எல்லோருக்கும் பொதுவான நல்ல எண் கிடையாது. நண்பருக்கு 70, உங்களுக்கு 40 என்றால் அவர் உங்களைவிட ஆரோக்கியம் என்று அர்த்தம் இல்லை. ஆப்பிள் கடிகாரம் காட்டுவது ஒரு கணக்கு, கார்மின் காட்டுவது வேறு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. உங்கள் கடையில் ஒரே தராசில் நேற்றைய சரக்கையும் இன்றைய சரக்கையும் நிறுத்துப் பார்ப்பது போல, உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதுவும் ஒரு நாள் எண்ணை அல்ல, ஏழு நாள் சராசரியை.

அப்படிப் பார்த்தால் உங்களுடையது இறங்கியிருப்பது நிஜம். காரணம் தேட முகாமுக்குப் போயிருக்க வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்று வாரத்தில் 8லிருந்து 14 கிலோமீட்டர். பந்தியில் பணியாரமும் பாயசமும் முடித்த கையோடு படுக்கை. ஐந்து மணி நேரத் தூக்கம். இதற்கு மேலும் எண் 42லேயே நின்றிருந்தால்தான் கடிகாரத்தைச் சந்தேகித்திருப்பேன். பத்து நாளைக்குத் தூரத்தை 8க்குக் கொண்டுவாருங்கள். முகூர்த்தங்களுக்கு மொய் எழுதிவிட்டு ஏழரைக்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சராசரி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இந்த எண்ணால் ஓட்டக்காரருக்கு உள்ள பயன் ஒன்றுதான்: இன்று கடினப் பயிற்சியா, இலகுவான பயிற்சியா என்று முடிவெடுப்பது. பின்லாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், காலை எச்.ஆர்.வி.யைப் பார்த்துக் கடினமான நாளைத் தேர்ந்தவர்கள், முன்கூட்டியே அட்டவணை போட்டு ஓடியவர்களைவிட வேகத்தில் அதிகம் முன்னேறினார்கள். நான்கு வாரம், உடல் தகுதியுள்ள ஆண்கள் சிலர், அவ்வளவுதான். ‘நரம்புச் சோர்வு’ என்றெல்லாம் அங்கே யாரும் எழுதவில்லை. எண் திடீரென்று 42லிருந்து 110க்குத் தாவினாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். துடிப்பு தாறுமாறாக அடித்தாலும் அப்படிக் காட்டும், போய் ஈசிஜி எடுங்கள்.

அந்த முகாமைப் பற்றிச் சொல்லாமல் விடப் போவதில்லை. இப்படித்தான் நடக்கும்: வெயிலில் வண்டி ஓட்டி வருவீர்கள், வாசலில் காபி கொடுப்பார்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கிளிப்பை மாட்டுவார்கள். எண் குறையாமல் என்ன செய்யும்? அசையாமல், பேசாமல், ஒரே நிலையில் ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும் என்று 1996இலேயே இதய மருத்துவ அமைப்புகள் நெறி வகுத்துவிட்டன. மூன்று வண்ணத்தில் அச்சடித்த தாளில் உங்கள் பெயரைப் போட்டுச் சிவப்பில் வட்டம் போடுவார்கள். மூன்று மாதம் பவுடர் தின்ற பிறகு மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது குளிரூட்டிய அறையில் படுக்க வைத்து, “மெதுவாக மூச்சு விடுங்கள், ஐந்து எண்ணி இழுங்கள், ஐந்து எண்ணி விடுங்கள்” என்பார்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கதியில் யார் மூச்சு விட்டாலும் இந்த எண் அந்த நிமிடமே ஏறும். பவுடர் வேலை செய்துவிட்டது என்று இரண்டாவது தாள் கையில் வரும். கிளிப்பில் மோசடி இல்லை. இரண்டு நாளும் இரண்டு விதமாக அளந்ததில்தான் வியாபாரம் இருக்கிறது. உங்களை அனுப்பிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள்.

ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம். நாடியைத் தொடாமலே கையெழுத்துப் போட்டுத் தரும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே போகாதீர்கள். 48 வயதும் பிரஷரும் இருக்கும்போது 21 கிலோமீட்டருக்கு முன் ஈசிஜியும், மருத்துவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் எடுப்பதுதான் முறை. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சோதனையன்று மாத்திரை போடலாமா என்று அவரே சொல்வார். அதற்கிடையில் ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, தலைச்சுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதில் எது வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கருவி வாங்கியே தீர வேண்டும் என்றால், நெஞ்சில் கட்டும் பட்டையை வாங்குங்கள். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. அவர்கள் கேட்கும் 18,000இல் பாதிகூட ஆகாது. நெஞ்செலும்புக்குக் கீழே இறுக்கமாகக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் வியர்வை வரும்வரை முதல் சில நிமிடங்கள் அதுவும் கண்டபடி காட்டும். நீங்கள் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.