நர்ஸ் சித்தி பதில்கள்: ஸ்டேட்டஸ்ல வசனம் போட்டா சாட்சி ஆயிருமா?

இந்த மாசம் வந்த லெட்டரையும் வாட்ஸப்பையும் பிரிண்ட் எடுத்து ஒரு கட்டா அனுப்பியிருந்தாங்க, பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், விசுவாசத்தை வாழ்க்கைல எப்படி காட்டுறதுன்னு. நான் 34 வருஷம் மிஷன் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவ. சபை ஐயரும் (பாஸ்டரும்) கிடையாது, வேதபாட டீச்சரும் கிடையாது. வார்டுல பாத்ததை வச்சுத்தான் எனக்கு பேசத் தெரியும், வேதத்தை கரைச்சு குடிச்சவங்க தப்பு இருந்தா திருத்துங்க.

கேள்வி: சித்தி, நான் சென்னைல ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். எங்க டீம்ல நான் ஒருத்திதான் கிறிஸ்டியன். ஆபீஸ்ல சாட்சியா இருக்கணும், அதாவது நம்ம விசுவாசம் மத்தவங்களுக்கு தெரியணும்னு சர்ச்ல சொல்லிட்டே இருக்காங்க. டேபிள்ல வசன காலண்டர் வச்சிருக்கேன், தினமும் ஸ்டேட்டஸ்ல வசனம் போடுறேன். போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் "தப்பா நினைக்காத, உன் ஸ்டேட்டஸை மியூட் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டா. வருத்தமா இருக்கு. (பெயர் வேண்டாம், சென்னை)

மகளே, ஸ்டேட்டஸ் போடாதன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே காலைல அஞ்சு மணிக்கு எட்டு பேர் அனுப்புறாங்க, ரோஜாப்பூ படம் போட்டு. நானும் எல்லாத்தையும் படிக்கிறதில்ல, ஒரு கும்பிடு எமோஜி போட்டுட்டு காபி போடப் போயிருவேன். உன் ஃப்ரெண்ட் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, நான் சொல்லல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேக்குறது வேற. அந்த மியூட் பண்ணின பிள்ளையோட வீட்ல யார் யார் இருக்காங்கன்னு உனக்கு தெரியுமா? மாசக் கடைசில கை கடிக்குதா, ஊர்ல அப்பாவுக்கு சுகர் ஏறி கிடக்குதா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம மத்தியானம் வெறும் பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருக்காளா? உன் டேபிளை தினமும் துடைக்கிற ஹவுஸ்கீப்பிங் அக்கா பேர் என்ன?

பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், கேள்விப்பட்டிருப்ப. 1914ல கொல்லிமலைல மிஷனரி வீட்ல பொறந்தவரு, 1946ல வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரிக்கு வந்து தொழுநோய்ல விரல் மடங்கிப் போனவங்களுக்கு கை ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல அவங்களை தொடவே ஆள் கிடையாது. அவர் தொட்டாரு, அதுவே பெருசு, ஆனா எனக்கு அதை விட பிடிச்சது வேற ஒண்ணு. ஆபரேஷன் ஆகி கை நல்லா இருந்தவங்களுக்கு காலைல எந்திரிச்சுப் பாத்தா விரல்ல சதை காணாம போயிருக்கும், ஏன்னே புரியல. ஆள் போட்டு ராத்திரி முழிச்சிருந்து பாத்தா, எலி! மரத்துப்போன விரல், எலி கடிச்சாலும் வலி தெரியாது, தூங்கிட்டே இருக்காங்க. அதுக்கு என்ன மருந்து தெரியுமா, பூனை. ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு போறவங்க ஆளுக்கொரு பூனை கொண்டு போகணும்னு ஆயிட்டு. செருப்பும் அப்படித்தான், முள்ளு குத்தினாலும் தெரியாத காலுக்கு எந்த ரப்பர் சரியா வரும்னு வருஷக்கணக்கா தேடி மெத்துமெத்துன்னு ஒரு ரப்பரை கண்டுபிடிச்சு போட்டாங்க.

அவர் ஜெபம் பண்ற மனுஷன்தான், பிரசங்கமும் பண்ணுவாரு. ஆனா ராத்திரி அந்த ஆள் கட்டிலுக்கு கீழ என்ன ஓடுதுன்னு பாத்தாரு பாரு, அதைத்தான் சொல்றேன். உன் ஆபீஸ்ல யாருக்கு எந்த எலின்னு கண்டுபிடி. ஒருத்தி ஊருக்கு போகணும்னா அவ ஷிப்டை எடுத்துக்க. புதுசா வந்த பையன் தப்பு பண்ணி மேனேஜர்கிட்ட திட்டு வாங்குறப்ப மத்தவங்களோட சேந்து சிரிக்காத. அடுத்தவ பண்ணின வேலைய மீட்டிங்ல உன்னோடதுன்னு காட்டாத, இதை நீ பண்றேன்னு சொல்லல, ஆனா காலண்டர் வச்சிருக்கிறவங்களும் பண்ணி பாத்திருக்கேன்.

இன்னொண்ணு கேட்டியா, இவ்வளவும் செஞ்சுட்டு "அப்ப ஒரு நாள் சர்ச்சுக்கு வருவாளா"ன்னு மனசுல கணக்கு போடாத. அது தூண்டில். மீனுக்கும் அது தெரியும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு எங்க வாலிபர் கூட்டத்துல பிள்ளைங்க ஹோமுக்கு போய் பிரியாணி குடுத்தோம். போட்டோ எடுத்து குரூப்ல போட்டதுக்கு ஒரு பெரியவர் திட்டுறாரு. மத்தவங்களுக்கும் ஆர்வம் வரும்னுதான போட்டோம்? (தூத்துக்குடி)

தம்பி, பொட்டலத்தோட ஒரு ஓரத்தை நீங்க பிடிச்சு மறு ஓரத்தை அந்தப் பிள்ளை பிடிச்சு ரெண்டு பேரும் கேமராவ பாத்த மாதிரிதான எடுத்தீங்க? அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் உங்க காலேஜ்லயே வந்து சேந்தா அந்தப் போட்டோவ பாத்து என்ன நினைக்கும்? வலது கை செய்றது இடது கைக்கு தெரிய வேண்டாம்னு ஆண்டவர் சொன்னப்ப செல்போன் கிடையாது, இருந்திருந்தா அதையும் சேத்து சொல்லியிருப்பாரு. பெரியவர் பக்கம்தான் நான். அடுத்த தடவை பிப்ரவரில போங்க, அப்ப யாரும் போக மாட்டாங்க.

கேள்வி: மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷமா படுத்த படுக்கை. நான்தான் பாக்குறேன். உபவாச ஜெபத்துக்கு போக முடியல, சண்டே ஆராதனைக்கே ரெண்டு மாசமா போகல. முன்னாடி அவங்க என்னை ரொம்ப படுத்தினவங்க. செய்றேன், ஆனா அன்பு வரல, கோபம்தான் வருது. சில நாள் இவங்க போய்ச் சேந்தா நல்லாருக்கும்னே தோணுது. நான் கிறிஸ்தவள்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு. (பெயர், ஊர் வேண்டாம்)

அம்மாடி, இந்த லெட்டரை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

ராத்திரி ட்யூட்டில மூணு மணிக்கு வராண்டால நின்னுட்டு "சிஸ்டர், எப்ப முடியும் இது"ன்னு கேட்ட எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன். மகன், மக, மருமக, புருஷன், பொண்டாட்டி, எல்லாரும் கேட்டிருக்காங்க. கேட்டுட்டு கண்ணைத் துடைச்சுட்டு உள்ள போய் பெட்ஷீட் மாத்துவாங்க. அந்தக் கேள்வி கேட்டதால அவங்க கெட்டவங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. உனக்கு தூக்கம் இல்ல, அதான் விஷயம். தூக்கம் இல்லாதவளுக்கு கோபம் வரும், அதை பிசாசு மேல போடாத.

அன்புன்னா மனசுக்குள்ள பொங்கி வர்றதுன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதைல அந்த ஆளுக்கு அடிபட்டவன் மேல மனசு உருகிச்சுன்னு ஒரு வார்த்தை இருக்கு, சரி, மிச்சம் பூரா என்ன? எண்ணெயும் திராட்சரசமும் ஊத்தி கட்டினான், தன் மிருகத்து மேல ஏத்தினான், சத்திரத்துக்கு கொண்டு போனான், ராத்திரி பாத்துக்கிட்டான், மறுநாள் ரெண்டு பணம் குடுத்தான், கூட ஆனா திரும்ப வர்றப்ப தர்றேன்னான். பூரா ட்யூட்டி. நீ ஒரு வருஷமா அதைத்தான் செஞ்சுட்டிருக்க. உன்னை படுத்தினவங்களுக்கு செய்ற, அது இன்னும் கஷ்டம். கோபத்தோட செஞ்சாலும் அவங்க முதுகு சுத்தமாத்தான இருக்கு?

முதுகுன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறியா? ஷீட்ல சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு கீழ தலகாணி வச்சு குதிகால் படுக்கைல படாம தூக்கி வை. எங்கயாவது சிவந்திருந்தா தேய்க்காத, நிறைய பேர் எண்ணெய் போட்டு தேய்ச்சு புண்ணாக்கிருவாங்க, சிவப்பு மாறலன்னா டாக்டர்கிட்ட காட்டு. சாப்பாடு குடுக்கும்போது நல்லா நிமித்தி உக்கார வச்சு குடு, குடுத்து அரை மணி நேரம் படுக்க வைக்காத, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு புரை ஏறி நெஞ்சுக்குள்ள போயிட்டா நிமோனியால கொண்டு விட்டுரும்.

அடுத்தது உன் வீட்டுக்காரர். லெட்டர்ல அவரைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அவங்க அம்மாதான? ராத்திரி ஒரு தடவை திருப்பிப் போடுறது, ஞாயித்துக்கிழமை காலைல பாத்துக்கிறது, இது ரெண்டையும் அவர்கிட்ட குடு. ஆம்பளைக்கு கூச்சமா இருக்கும்னு சொல்லாத, ஆஸ்பத்திரில எத்தனை மகன்மார் தாய்க்கு டயப்பர் மாத்தி பாத்திருக்கேன், ரெண்டு நாள்ல பழகிரும். நாத்தனார், கொழுந்தன் இருந்தா அவங்களும் வரட்டும், வர முடியாதுன்னா ஆள் வைக்க காசு தரட்டும்.

சபையில இருந்து வந்து ஜெபம் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு "ஆண்டவர் பெலன் தருவாரு"ன்னுட்டு போவாங்க இல்லையா, அவங்ககிட்ட அடுத்த தடவை நேரா கேளு. "அக்கா, செவ்வாக்கிழமை மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் இங்க உக்காருங்க, நான் தூங்கணும்." உடுத்த துணி இல்லாதவன்கிட்ட குளிர்காய்ந்து பசியாறுங்கன்னு வாயால சொல்லி அனுப்பினா என்ன பிரயோஜனம்னு வேதத்துல யாக்கோபு கேட்டது இதைத்தான். இதை படிக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்து தலைவிங்க யாராவது இருந்தா உங்களையும் சேத்துதான் சொல்றேன், உங்க சபையில இப்படி எத்தனை வீடு இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி முறை போடுங்க.

உபவாசத்தை பத்தி கவலைப்படாத. உன் சாப்பாடு எப்படியும் மூணு மணிக்குத்தான் நடக்கும்னு எனக்கு தெரியும்.

கேள்வி: பக்கத்து வீட்ல பொங்கலுக்கு பொங்கல் குடுத்து விடுவாங்க. சாமிக்கு படைச்சதுன்னு அம்மா வாங்கி யாருக்கும் தெரியாம வெளிய கொட்டிருவாங்க. எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. (10ஆம் வகுப்பு, மதுரை)

பாப்பா, இதுல சபைக்கு சபை வேற வேற மாதிரி சொல்லுவாங்க, அதனால அம்மாகிட்ட சண்டைக்கு போகாத. மனச்சாட்சில உறுத்துறவங்க சாப்பிட வேண்டாம், வேதத்துல பவுலும் உறுத்தலோட சாப்பிடாதன்னுதான் சொல்றாரு. ஆனா அதே ஆள்தான் விருந்துக்கு கூப்பிட்டா போங்க, முன்னால வச்சதை கேள்வி கேக்காம சாப்பிடுங்கன்னும் எழுதியிருக்காரு. நான் சாப்பிடுவேன், முந்திரிய பொறுக்கிட்டு. வேண்டாம்னா "அக்கா, எங்களுக்கு பழக்கம் இல்ல, பழம் இருந்தா குடுங்க"ன்னு முகம் பாத்து சொல்லிரலாம், அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. வாங்கி சிரிச்சுட்டு கொட்டுறதுதான் எனக்கு பிடிக்கல. கிறிஸ்துமஸுக்கு நாம குடுக்குற கேக்கை அவங்க கொட்டினா நமக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: எங்க ஊர் சபையில வருஷா வருஷம் அசனம் நடக்கும். எல்லா ஜனமும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவோம், ஐயர் அதைப் பெருமையா சொல்லுவாரு. ஆனா வேற ஜாதி வீட்ல, அவங்களும் கிறிஸ்தவங்கதான், சாதாரண நாள்ல யாரும் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. கல்யாணப் பேச்சு எடுத்தா முதல் கேள்வியே ஜாதிதான். அப்ப இந்த அன்பு எல்லாம் நடிப்பா? (திருநெல்வேலி மாவட்டம்)

தம்பி, நடிப்புன்னு முழுசா சொல்ல மாட்டேன். கறியும் சோறும் ஒரே பந்தியில பரிமாறுறதுக்கே ஒரு காலத்துல எவ்வளவு சண்டை நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. ஆனா அங்கயே நின்னுட்டோம், நீ சொல்றது உண்மை. மேட்ரிமோனி விளம்பரத்துல "மறுபடியும் பிறந்த", அதாவது மனந்திரும்பி புது வாழ்க்கைக்கு வந்த மணமகள் தேவைன்னு போட்டு அதுக்கு கீழ ஜாதி, உட்பிரிவு ரெண்டையும் போடுறாங்களே, மறுபடியும் பிறந்தப்ப எந்த வீட்ல பொறந்தாங்கன்னு கேக்கணும் போல இருக்கும் எனக்கு.

நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் கதை சொல்றேன். வெள்ளாளன்விளைல 1874ல பொறந்த வி.எஸ். அசரியா. 1910ல ஸ்காட்லாந்துல எடின்பரோன்னு ஒரு ஊர், அங்க உலகத்து மிஷனரிங்க எல்லாம் கூடின பெரிய மாநாடு. 35 வயசு அவருக்கு. கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரங்க, நம்ம ஊருக்கு பள்ளிக்கூடம் கட்டினவங்க, ஆஸ்பத்திரி கட்டினவங்க, காய்ச்சல்ல செத்தவங்களோட கூட்டாளிங்க. அவங்க முன்னால எந்திரிச்சு அவர் சொன்னதோட சாரம் இதுதான்: உங்க பொருளை ஏழைகளுக்கு குடுத்தீங்க, உங்க உடம்பையே குடுத்தீங்க, அதுக்கெல்லாம் எங்க ஜனம் நன்றி சொல்லும், ஆனா நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாங்க. அந்த மிஷனரிங்க நிறைய பேர் கூட வேலை பாக்குற இந்தியனை வீட்ல உக்கார வச்சு சாப்பாடு போட மாட்டாங்க, அதை வெளிப்படையாவே போட்டு உடைச்சாரு. அந்த மாநாட்டுல பல பேருக்கு கோபம். ரெண்டு வருஷம் கழிச்சு 1912ல, இப்ப தெலங்கானால இருக்கிற தோர்ணக்கல்ல பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்.

வெள்ளைக்காரனைப் பாத்து நம்ம ஆள் கேட்டாருன்னு இந்தக் கதைய நாம பெருமையா சொல்லிக்கிறோம். ஆனா அதே கேள்விய நம்ம ஊர் மேலத்தெருவப் பாத்து கீழத்தெரு கேட்டா நம்ம பதில் என்ன?

நீ இன்னைக்கே சபைய திருத்த முடியாது. அசனத்தன்னைக்கு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டானே ஒரு பையன், அடுத்த வாரம் சாதாரண ஒரு செவ்வாக்கிழமைல அவன் வீட்டுக்கு போ. தண்ணி கேட்டு குடி. அவனை உங்க வீட்டுக்கு கூப்பிடு, திண்ணைல இல்ல, உள்ள. உங்க ஆச்சி முணுமுணுப்பாங்க, பரவால்ல. நாளைக்கு உன் கல்யாணப் பேச்சு வரும்போது விளம்பரத்துல என்ன போடலாம்னு உன்னையும் ஒரு தடவை கேப்பாங்க, அப்ப வாயைத் திற.

கேள்வி: சித்தி, எல்லாருக்கும் அட்வைஸ் பண்றீங்களே, உங்களால அன்பு காட்ட முடியாத ஆள் யாராவது இருக்காங்களா? (நாகர்கோவில்)

இருக்காரு. பக்கத்து வீட்டுக்காரர். எங்க முருங்கை மரத்துக் கொப்பு அவர் பக்கம் சாஞ்சுதுன்னு நான் ஊர்ல இல்லாதப்ப மரத்தையே பாதியா வெட்டிட்டாரு, ஆறு வருஷமா பேச்சு கிடையாது. போன வாரம் அவர் வீடு பூட்டிக் கிடந்தப்ப கேஸ் சிலிண்டர்காரன் வந்து நின்னான், திருப்பி அனுப்பிரலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் காசு குடுத்து வாங்கி வச்சேன். சாயங்காலம் அவர் வந்து எடுத்துட்டு காசை சுவர் மேல வச்சுட்டுப் போனாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. பத்து ரூபா கூட இருந்துச்சு, அதை இன்னும் திருப்பிக் குடுக்கல.