கிள்ளிப் போட ஒரு கொத்து: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் வளர்த்துச் சமையலுக்குப் பறிக்கிற செடிகளைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் கறிவேப்பிலைக் கேள்விகளே அதிகம் என்பதால் அதற்கு இங்கே இடமும் அதிகம்.

கேள்வி: அக்கா, தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று ஒற்றைக் குச்சியாக மேலே போகிறதே தவிர கிளைக்கவே இல்லை. புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மோர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் உச்சியைக் கிள்ளுங்கள். ஆசையாக வளர்த்த செடியின் கொழுந்தை எடுக்க மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியை எடுத்துவிட்டால் கீழே உள்ள கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை புறப்படும், அவை ஒரு சாண் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் எடுங்கள், இப்படியே போனால் குச்சி புதராகிவிடும். சமையலுக்குப் பறிக்கும்போதும் கீழே இருக்கிற முற்றின இலையாகப் பார்த்து உருவாமல் கிளை நுனியோடு ஒடித்து எடுத்தால், பறிப்பதே கவாத்தாகவும், அதாவது கிளை வெட்டிச் சீராக்குவதாகவும் ஆகிவிடுகிறது. மொட்டு வைத்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், பூவும் காயும் பிடிக்க ஆரம்பித்தால் இலை குறைந்துபோகும்.

மஞ்சள் விஷயத்துக்கு வருவோம். கொழுந்தில் முதலில் தெரிகிற மஞ்சள், அதுவும் நரம்பு பச்சையாக இருந்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில் இரும்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாமல் போய்விடுகிறது. புளித்த மோர் அந்த இடத்தில்தான் கொஞ்சம் கைகொடுக்கிறது. உப்புப் போடாத மோராக இருக்க வேண்டும், பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், தினமும் ஊற்றினால் எறும்பும் நாற்றமும்தான் மிஞ்சும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடிந்தால் அது மோரை விட நல்லது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் தண்ணீரிலேயே நின்றாலும் இலை மஞ்சளாகும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல வெயில் படுகிற இடம், பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, இந்த இரண்டும் இல்லாமல் எந்த உரம் போட்டும் பிரயோஜனம் இல்லை.

மார்கழிக் குளிரில் செடி கொஞ்சம் சுணங்கி நிற்கும். அப்போது உரத்தைக் கொட்டாமல் விட்டுவிடுங்கள், வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, ஆகவே எலுமிச்சைக்கு வருகிற பட்டாம்பூச்சி இதற்கும் வந்து முட்டையிடும். சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், இரண்டு நாளில் கொழுந்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். கையால் எடுத்துவிடுவதே போதும். சாறு உறிஞ்சுகிற பூச்சி அடர்ந்திருந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்கால வெயில் இறங்கியதும் தெளியுங்கள். நாம் சாப்பிடுகிற இலை, அதனால் வேறு மருந்து எதுவும் வேண்டாம் என்றுதான் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

கேள்வி: மாடியில் கொத்தமல்லி விதைத்தால் பாதி முளைப்பதே இல்லை. முளைத்ததும் சீக்கிரம் பூத்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: நாம் ஒரு தனியா என்று நினைப்பதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உள்ளங்கையால் தரையில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். பழைய தனியா முளைக்காது, வறுத்ததும் முளைக்காது. முளைவர எட்டுப் பத்து நாள் ஆகும், அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுகிற வேலையும் இதற்கு ஆகாது, ஆணிவேர் அறுந்தால் செடி பிழைத்தாலும் உடனே பூத்துவிடும்.

சீக்கிரம் பூப்பதற்கு வெயில்தான் முக்கியக் காரணம். தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாகத் தனியா விதைப்பது ஐப்பசி வாக்கில்தான், அடுத்து வருகிற பனிக்காலம் முழுக்க அதற்கு ஏற்றது. மாடிக்கும் அதே கணக்குதான்: ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டியாக விதைத்துக்கொண்டே வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். சித்திரை வெயிலில் மதுரை மாடியில் கொத்தமல்லிக்காகப் போராடுவதை விடக் கடையில் ஒரு கட்டு வாங்கிவிடலாம். பூத்துவிட்ட செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள், பச்சைத் தனியாவைத் தட்டி ரசத்தில் போட்டுப் பாருங்கள், அந்த வாசனையைக் கடையில் வாங்க முடியாது. தண்டையும் வேரையும் கூட நன்றாகக் கழுவி ரசத்திலோ குருமா மசாலாவிலோ சேர்க்கலாம், இலையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

கேள்வி: ஃப்ளாட் பால்கனியில் காலையில் இரண்டு மணி நேர வெயில்தான். எதை வைக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: புதினாவும் கற்பூரவல்லியும். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து நான்கைந்து எடுத்து, கீழ் இலைகளை நீக்கிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். அகலமான தொட்டியாக, தனித் தொட்டியாக வையுங்கள், பக்கத்துச் செடியை அது வாழவிடாது. கற்பூரவல்லிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். அதன் இலையில் பஜ்ஜி போடுங்கள், அப்புறம் அந்தத் தொட்டிக்கு வீட்டில் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள்.

கேள்வி: ஏலக்காய், கிராம்பு, மிளகு எல்லாம் வீட்டிலேயே வளர்க்க முடியுமா? கன்றுகள் விற்கிறார்களே.
– வாசகர், திருச்சி

பதில்: ஏலக்காய்க்கு மலையும் குளிரும் மர நிழலும் வேண்டும், திருச்சி வெயிலில் இலை கிடைக்கலாம், காய் கிடைக்காது. கிராம்பு மரம் ஏற்ற மண்ணிலேயே மொட்டு வைக்க ஏழெட்டு வருஷம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கடையில் வாங்குங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மிளகு வேறு மாதிரி. கொடியாகப் படரவிட இடம் இல்லாவிட்டால் புதர் மிளகு என்று கேட்டு வாங்குங்கள். காய்க்கிற பக்கக் கிளையை வேர்விட வைத்து எடுத்த கன்று அது, ஆகவே மேலே ஏறாமல் தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். பாதி நிழலும், ஈரம் காயாத ஆனால் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். பச்சை மிளகுக் கொத்தை எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு ஊறவைத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, அந்த ஒன்றுக்காகவே இதை வளர்க்கலாம்.

கேள்வி: பாஸ்தாவுக்கு பேசில் இலை சின்னப் பாக்கெட்டே அவ்வளவு விலை. விதை எங்கே கிடைக்கும்?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை கேளுங்கள் தங்கச்சி. ஃபலூடாவில் போடுகிற அதே விதைதான், திருநீற்றுப்பச்சிலையின் விதை, இத்தாலிக்காரர்களின் பேசிலும் இதே இனம். வாசனையில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மண்ணின் மேல் தூவி மெல்லிசாக மூடினால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். பூங்கொத்தைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே இருக்கிறோம். ஊருக்குப் போய் வரும்போது கறிவேப்பிலைக் கன்றும், கறிக்கு வாசனைக்காக இலை போடுகிற ரம்பைச் செடியும் கொண்டு வரலாமா? குளிர்காலத்தில் தப்புமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள் அம்மா. கறிவேப்பிலையில் தங்குகிற ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும், அதனால்தான் பல நாடுகள் இதில் கடுமையாக இருக்கின்றன. அங்கேயே வளர்த்து விற்கிற கன்றை வாங்குங்கள். கோடையில் வெளியே நல்ல வெயிலில் வையுங்கள், இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன்னால் உள்ளே எடுத்து, வெளிச்சம் அதிகம் வருகிற ஜன்னலோரமாக வையுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டு வசந்தம் வரை காத்திருங்கள். ரம்பை குளிரை இன்னும் குறைவாகத்தான் தாங்கும், அதை வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. அது கிடைக்கும் வரை, ஆசியக் கடைகளில் உறையவைத்த ரம்பை இலை பாண்டன் என்ற பெயரில் விற்கும், அதையே இறைச்சிக் கறிக்குப் போட்டுக்கொள்ளலாம்.