பலேர்மோவின் பழஞ்சந்தைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இத்தாலியின் பலேர்மோ நகரில் வசிக்கும் மகளிடம் நானும் கணவரும் ஆவணியில் போகவிருக்கிறோம். அங்கே மூன்று பழைய தெருச்சந்தைகள் உண்டென்கிறார்கள். வெயிலில் அதிகம் நடக்க இயலாத எங்களுக்கு எது பொருத்தம்?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: ஒன்றுக்குத்தான் போக முடியுமென்றால் பல்லாரோ சந்தைக்கே போங்கள், மதியத்துக்கு முன்னரே போய்விடுங்கள். மற்ற இரண்டில் வுச்சிரியா, இத்தாலிய ஓவியர் ரெனாத்தோ குத்துசோ 1974இல் வரைந்த ஓவியத்தால் பெயர் பெற்றது. இறைச்சியும் மீனும் மரக்கறியும் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தை இன்று பெரும்பாலும் ஓவியத்தில் மட்டுமே இருக்கிறது. இரவில் மது அருந்த வருவோரே அங்கு அதிகம். மாஸிமோ ஓபரா அரங்கின் அருகிலுள்ள காப்போ அழகான சந்தைதான் என்றாலும், பயணிகளை நம்பிய கடைகள் அங்கே பெருகி வருகின்றன. பல்லாரோவிலும் பயணிகள் உண்டு; ஆனால் அயலில் குடியிருப்போர் அன்றைய சமையலுக்கு வாங்க வருவதாலேயே அது இன்னமும் சந்தையாக நிலைத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கி.பி. 831 முதல் 1072 வரை பலேர்மோ அரபு ஆட்சியில் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், எண்ணெய் விற்போர், மா விற்போர், நாணயம் மாற்றுவோர் என ஒவ்வொரு தொழிலாருக்கும் இருந்த கடைத்தெருக்களை எழுதி வைத்திருக்கிறார். ஒடுங்கிய தெருவின் இருபுறமும் சாமான் பரப்பி, மேலே துணிப்பந்தல் இழுத்து, வியாபாரிகள் இராகமிட்டுக் கூவி விற்கும் இன்றைய பல்லாரோவில் அந்தப் பழைய நகரத்தின் சாயலைக் காணலாம்.

உங்களை அங்கே நிறுத்தி வைக்கப்போவது சுரைக்காய்தான். நம் சந்தையில் காண்பதுபோல் குடம்போன்றதன்று. இளம்பச்சை நிறத்தில், கை நீளத்தையும் தாண்டி மெலிந்து நீண்டிருக்கும். அதன் தளிரையும் இளம் இலையையும் ‘தெனெரூமி’ என்ற பெயரில் கட்டுக்கட்டாக விற்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தக்காளியும் உள்ளியும் சேர்த்து, உடைத்த பாஸ்தாவோடு கஞ்சிபோல் காய்ச்சுவார்கள். கோடையில் மட்டுமே கிடைப்பது என்பதால் ஆவணிப் பயணம் இதற்கு வாய்ப்பானது. மகளிடம் சொல்லி ஒரு கட்டாவது வாங்கிச் சமையுங்கள்.

பழத்தையோ மரக்கறியையோ கையால் அமுக்கிப் பார்க்க வேண்டாம். வேண்டியதைச் சுட்டிக் காட்டினால் வியாபாரியே தெரிந்தெடுத்துத் தருவார். ஒலிவ், சீஸ் போன்றவற்றுக்கு எழுதியிருக்கும் விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்பதையும் கவனியுங்கள்.

செப்டம்பர் 4 உங்கள் பயணத்துக்குள் வந்தால், நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலை ஏறுவோரையும் பாருங்கள். பலேர்மோவில் வாழும் நம்மவர்கள், சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமின்றி, அந்தக் கோயிலுக்கு நெடுங்காலமாகப் போய்வருகிறார்கள்.

கேள்வி: மச்சம் சாப்பிடாதவர்களுக்கு அந்தச் சந்தைகளில் என்ன கிடைக்கும்?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: முதலில் ‘பனெல்லே’ கேளுங்கள். கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டிபடாமல் கிண்டிக் காய்ச்சி, ஆறவிட்டு, மெல்லிய துண்டுகளாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. எள்ளுத் தூவிய பாணுக்குள் சூடாக வைத்துத் தருவார்கள். எலுமிச்சம்புளி கேட்டு வாங்கிப் பிழிந்துகொண்டால் நம் நாவுக்கு மிகவும் பிடிக்கும். ‘அரஞ்சீனா’ என்ற சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். வெங்காயமும் தக்காளியும் பரப்பிய ‘ஸ்பின்சோனே’ பார்வைக்கு மரக்கறி உணவாகவே தோன்றும். அதில் நெத்தலி சேர்ப்பது வழக்கமாதலால், கேட்ட பிறகே வாங்குங்கள்.