அன்பியத்தில் ஒரு பெரியவர் சொன்னது

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) விவிலியப் பகிர்வை நான்தான் நடத்துகிறேன். தவக்காலம் வந்தாலே ஒரு பெரியவர், "இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள். அந்தச் சாபம் இன்னும் அவர்களை விடவில்லை" என்பார். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். மூத்தவரை எல்லார் முன்னாலும் எப்படித் திருத்துவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, சின்ன வயதில் மறையுரையில் கேட்டதையோ பாஸ்காவில், அதாவது இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில், பார்த்ததையோதான் அவர் சொல்கிறார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் பேசாமலும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பழியைச் சொல்லியே ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்காக யூதர்களை அடித்தார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள், கொன்றார்கள். புனித வாரத்தில் அவர்கள் வெளியே வரவே அஞ்சிய ஊர்கள் உண்டு.

அடுத்த கூட்டத்தில் மத்தேயு 27ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும் என்று கூட்டம் கத்தும் 25ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். உரோமை ஆளுநர் பிலாத்துவின் முன்னால் நின்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்று கலிலேயாவில் வயலில் நின்ற யூதருக்கு இதில் என்ன பங்கு? சிலுவை யார் கொடுத்த தண்டனை? உரோமையர் கொடுத்தது. நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்வதும் பிலாத்துவின் பெயரைத்தான். மரியாவும் பேதுருவும், ஏன் இயேசுவுமே யூதர்கள். ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் யூத சமயக் குழுவினரான பரிசேயர் சிலர் (லூக்கா 13:31). அதையும் வாசியுங்கள். 'பரிசேயர்' என்பதை வசைச்சொல்லாகவே பழகிய நமக்கு அது தேவை.

இது திருச்சபையின் போதனையா என்று கேட்டால், 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்) பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட 'நோஸ்ட்ரா ஏத்தாத்தே' அறிக்கையின் 4ஆம் பத்தியைக் காட்டுங்கள். அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது, அவர்களைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களின் குற்றமே பெரிது என்றது. குருத்து ஞாயிறு வாசகத்தில் 'சிலுவையில் அறையும்' என்று சத்தமாகச் சொல்வது நாம்தானே? பெரியவருக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும்.

யாராவது காசாவை இழுப்பார்கள். இஸ்ரேல் அரசு செய்வதைத் தாராளமாகக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். அதை விவிலியச் சாபத்தோடு முடிச்சுப் போட மட்டும் விடாதீர்கள்.

கூட்டத்துக்கு முன்பே பெரியவர் வீட்டுக்குப் போய், என்ன வாசிக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பங்கில் பாஸ்கா போடுவார்கள் என்றால், ஒத்திகை தொடங்குமுன் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து நாடக வசனங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.