வீட்டை விற்கத் தரகருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகளை வளர்த்த வீட்டை விற்றுவிட்டு, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒன்று வாங்க எண்ணம். தெரிந்தவர் மூலமாக வந்த தரகர் 3 சதவீதம் கமிஷன் கேட்கிறார். ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் போகக் கூடாது என்று ஓர் ஒப்பந்தத்தையும் நீட்டுகிறார். கையெழுத்துப் போடும் முன்பே ஒருவரை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார். அவர் நாங்கள் நினைத்திருந்த விலையைவிட 5 சதவீதம் குறைத்துக் கேட்கிறார். "இந்த ஆளை விட்டால் இன்னொருத்தர் வர மாட்டார்" என்கிறார் தரகர். என் கொழுந்தனாரோ, "கமிஷனே வேண்டாம் அண்ணி, நாமே விற்றுவிடலாம்" என்கிறார். கணவரோடு வேலை பார்த்த ஒருவர் இந்த வீட்டை வாங்கும் ஆசையை முன்பே சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் அனுப்பிய ஆளிடம் கமிஷனைக் குறைக்கச் சொல்வது தவறா? நாங்கள் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வாரம் போடாதீர்கள். தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொன்னால் போதும். வாங்கும் ஆசை உண்மையாக உள்ளவர் ஒரு வாரம் காத்திருப்பார்.

கமிஷனைக் குறைக்கச் சொல்வது தவறே இல்லை. பெரும்பாலான இடங்களில் இத்தனை சதவீதம்தான் என்று சட்டம் எதையும் நிர்ணயிப்பதில்லை. சில இடங்களில் உச்சவரம்பு மட்டும் உண்டு. "வழக்கமாக இவ்வளவுதான்" என்று சொல்வதெல்லாம் பேசி முடிவு செய்யக்கூடிய தொகைதான். அமெரிக்காவில் 5, 6 சதவீதம் என்பது எழுதாத விதி போலவே பல்லாண்டுகள் இருந்தது. விற்பவர் கொடுக்கும் அந்தத் தொகையிலிருந்துதான் வாங்குபவரின் தரகருக்கும் பங்கு போகும். 2023 அக்டோபரில் கன்சாஸ் சிட்டியில் ஒரு நடுவர் குழு, இந்த ஏற்பாடு விற்பவர்களைப் பாதித்தது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்நாட்டுத் தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கமிஷன் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டதல்ல, பேசித் தீர்மானிக்கக்கூடியது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை. அதைத்தான் நீங்களும் பேசப் போகிறீர்கள். கூச்சப்படாதீர்கள்.

ஆனால் 3-ஐ 2 ஆக்குவதிலேயே முழுக் கவனத்தையும் வைத்தால், அதைவிடப் பெரிய விஷயங்கள் கண்ணில் படாமல் போய்விடும். முதலில் உங்கள் கையில் இருக்கும் 5 சதவீதச் சிக்கலையே எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் எதிர்பார்க்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் 95 கேட்கிறார். 95-க்கு விற்றால் தரகருக்கு 2.85 கிடைக்கும். இன்னும் சில வாரம் அலைந்து 100-க்கு விற்றுக் கொடுத்தால் அவருக்கு 3. ஆக, அந்த அலைச்சலுக்கு அவர் காணும் கூடுதல் வருமானம் 0.15. உங்களுக்கோ 4.85 கூடுதல். அந்த 0.15-லும் அவர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு பங்கு போகலாம். இன்றைக்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவருக்கு லாபம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் இப்படி அமைந்தால் யாருக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும்.

இது வெறும் ஊகமும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரியான வாடிக்கையாளர் வீடுகளைவிட ஒன்பதரை நாள் அதிகம் காத்திருந்தார்கள். விலையும் சுமார் 3.7 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். உங்கள் தரகரிடம், "இது உங்கள் வீடாக இருந்தால் இந்த விலைக்குக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதிலைவிட, பதிலுக்கு அவர் சொல்லும் காரணங்களைக் கவனியுங்கள்.

அதற்காக 95 என்பது கெட்ட விலை என்றும் நான் முடிவு கட்டவில்லை. நீங்கள் நினைத்த 100 எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா, விளம்பரத்தில் பார்த்ததா? விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை அல்ல. உங்கள் வீட்டைப் போன்ற அளவும் வயதும் உள்ள வீடுகள், அதே வட்டாரத்தில், கடந்த ஓராண்டில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று மூன்று நான்கு உதாரணங்களைத் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். வேறு இரண்டு தரகர்களிடமும் இதையே கேளுங்கள். அவை 94, 96 என்று வந்தால் இந்த 95 நல்ல விலைதான். சந்தைக்கு வந்து பல மாதம் விற்காமல் நிற்கும் வீட்டைப் பார்ப்பவர்கள், "ஏதோ குறை இருக்கு போல" என்று இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். மூவரில் யாராவது ஆதாரம் எதுவும் காட்டாமல் 115 வாங்கித் தருகிறேன் என்றால் அவரிடம் மயங்க வேண்டாம். வேலையைக் கைப்பற்ற விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, கையெழுத்தான பிறகு வாராவாரம் குறைக்கச் சொல்வது இந்தத் தொழிலில் பழைய தந்திரம்.

கமிஷன் பேச்சுக்கு வருவோம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெறுமனே குறைக்கக் கேட்க மாட்டேன். அமைப்பை மாற்றக் கேட்பேன். உதாரணமாக, 97 வரை 2.5 சதவீதம், 97-க்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 10 சதவீதம் என்று பேசலாம். அப்போது 95-க்கு விற்றால் அவருக்கு 2.375, 100-க்கு விற்றால் 2.725. நீங்கள் கொடுப்பது 3-ஐவிடக் குறைவு. ஆனால் அவர் கூடுதலாக உழைத்தால் கிடைக்கும் பலன் 0.15-லிருந்து 0.35 ஆகிறது. நல்ல தரகர்கள் இதை விரும்பியே ஏற்பார்கள். அந்த 97 என்ற கோட்டை மட்டும், விற்பனை விலைகளைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள். அவர் முடிவு செய்தால் கோடு கீழே இறங்கிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னோர் ஏற்பாடு உண்டு: "உங்களுக்கு இவ்வளவு தந்துவிடுகிறேன், அதற்கு மேல் வருவதெல்லாம் எனக்கு" என்பது. கேட்க எளிமையாக இருக்கும். வீட்டின் மதிப்பு தெரியாதவர்களிடம்தான் இதைச் சொல்வார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே இதைத் தடுத்திருக்கிறது. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த ஆறு மாத ஒப்பந்தம். இதில்தான் உங்கள் பணம் அதிகம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு. 'அவர் ஒருவரே' என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில், வேறு தரகரிடம் போகக் கூடாது. நீங்களாகவே ஆள் பிடித்து விற்றால் கமிஷன் கிடையாது. இன்னொன்றில், உங்கள் சொந்தக்காரருக்கே விற்றாலும் அவருக்குக் கமிஷன் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது வகையில் கையெழுத்துப் போட்ட மறுநாள் உங்கள் கணவரின் நண்பர் வந்து வாங்கினால், தரகர் ஒரு வேலையும் செய்யாமலே 3 சதவீதம் கேட்பார். சட்டமும் அவர் பக்கம் நிற்கக்கூடும். அதனால் அந்த நண்பரின் பெயரைக் குறிப்பிட்டு, "இவருக்கு விற்றால் கமிஷன் இல்லை" என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தரகர் வாயால் சரி என்று சொல்வது போதாது. அதைவிட நல்லது, கையெழுத்துக்கு முன்பே அந்த நண்பரிடம் பேசி, வாங்குகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்வது.

ஆறு மாதம் நீளம். மூன்று மாதம் கேளுங்கள். அதன் பிறகு இரு தரப்பும் விரும்பினால் நீட்டிக்கலாம். காலம் முடிந்த பிறகும், அவர் அறிமுகப்படுத்திய ஆளுக்கு விற்றால் கமிஷன் உண்டு என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அது நியாயம்தான். ஆனால் அந்த ஆட்கள் யார் யார் என்று ஒப்பந்தம் முடியும் நாளில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவரையும் "என் ஆள்" என்பார்கள்.

பணம் எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். முன்பணம் வாங்கிய அன்றே முழுக் கமிஷன் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் வீடு உங்களிடமே இருக்கும், கமிஷன் போயிருக்கும். முழு விலையும் உங்கள் கைக்கு வந்து, வீடு அவர் பெயருக்கு மாறும் நாளில் கமிஷன் என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. பிரிட்டன் ஒப்பந்தங்களில் சில சமயம், வாங்கத் தயாராகவும் பணத்தோடும் ஓர் ஆள் கிடைத்துவிட்டாலே கமிஷன் என்று ஒரு வாசகம் இருக்கும். விற்பவர் மனம் மாறி நின்றாலும் கொடுத்தாக வேண்டும். உங்கள் தாளில் அப்படி ஒரு வரி வேறு சொற்களில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். புகைப்படச் செலவு, விளம்பரச் செலவு, கமிஷன் மீதான வரி ஆகியவை 3-க்குள் அடக்கமா, தனியா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நேரடியாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா?" ஒரே ஆள் இரண்டு பக்கமும் வாங்குவது பல ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. சிங்கப்பூரில் ஒரே விற்பனையில் ஒரு தரகர் இரு தரப்புக்கும் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இல்லை. விலையை ஏற்ற ஒருவரும் இறக்க ஒருவரும் அவருக்குக் காசு கொடுத்தால், யாருக்காகப் பேசுவார்? உங்கள் தரகர் ஆமாம் என்றால், கமிஷனைக் கணிசமாகக் குறைக்கக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எவ்வளவு வரை இறங்குவீர்கள் என்ற கடைசி விலையை மட்டும் அவரிடம் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே சொல்லியிருந்தால், "யோசித்துப் பார்த்தோம், அந்த விலை இனி இல்லை" என்று திருத்திவிடுங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில், உரிமையாளர்கள் தாங்களே விற்ற வீடுகளையும் தரகர் வழியாக விற்றவற்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. தரகர் மூலம் விற்றதால் விலை கூடிவிடவில்லை. தாங்களே விற்றவர்களுக்கு நேரம்தான் அதிகம் பிடித்தது. அந்த நண்பர் உண்மையில் வாங்குவதாக இருந்தால், ஒரு மதிப்பீட்டாளரும் வழக்கறிஞரும் போதும், தரகர் தேவையில்லை. அவர் வாங்காவிட்டால் கதை வேறு. அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுவது, பணம் இருக்கிறதா என்று விசாரிப்பது, தாமதிப்பவரைத் துரத்துவது எல்லாம் உங்கள் தலையில் விழும். "தரகர் இல்லையே, அந்தக் கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாங்குபவரும் கேட்பார். கொழுந்தனாருக்கு அதற்கு நேரமும் பொறுமையும் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இருந்தால் ஒரு மாதம் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் செய்யுங்கள். இந்த 95 கேட்பவரை அழைத்து வந்தது அந்தத் தரகர்தான். ஒப்பந்தம் இல்லை என்பதைக் காட்டி அவரைத் தள்ளிவிட்டு, அந்த ஆளிடமே நேரடியாக விற்காதீர்கள். அவருக்கு விற்பதாக இருந்தால், அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதி, பேசிய கமிஷனைக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதக் கட்டுப்பாடே தேவைப்படாது.

நாளைக்கே கணவரின் நண்பரிடம் பேசுங்கள். அவர் இல்லை என்றால், மூன்று தரகர்களிடமும் விற்பனை விலைகளைக் கேளுங்கள். அதற்குள், வந்தவரிடம் 98 என்று எதிர்விலை சொல்லும்படி தரகரிடம் சொல்லுங்கள். வாங்குபவர் 97-க்கு வந்தாலும், 95-க்கு விற்பதைவிட உங்கள் கைக்கு ஏறத்தாழ 2 கூடுதல். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தரகர் கைகாட்டும் வழக்கறிஞராக இருக்க வேண்டாம். வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும்.