ஆண்டு விழா மேடையில் யாருக்கு இடம்?

கேள்வி: என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கலைத் திருவிழாவில் பறை வாசித்து வட்டார அளவில் ஜெயித்தாள். ஆண்டு விழாவிலோ ரேங்க் எடுத்தவர்களை மட்டும்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய்க் கேட்கலாமா? - வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. அரசே 2022-23 முதல் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக இந்தப் போட்டிகளை நடத்தி, கலையரசன், கலையரசி என்று பட்டமும் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளை படிக்கிற பள்ளியிலேயே பெயரை வாசிக்காமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, விரல் சிவக்கச் சிவக்கப் பழகியிருப்பாளே! எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தேர்வு எழுதி மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளையும் இப்படித்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். சரி, தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், அதில் பெரும்பாலும் பெற்றோர்தான். அப்புறம், பரிசு பெரிதாக வேண்டியதில்லை. நான் ஏழாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டியிருக்கும், இன்றும் அதில்தான் காபி குடிக்கிறேன்.