டிகிரி முடித்த நான், பத்தாவது படித்து விவசாயம் பார்க்கும் மாமன் மகனைக் கட்டலாமா? பிடித்திருக்கிறது, ஆனால் பொருந்துமா என்று பயம்

தாராளமாகக் கட்டலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் பேசவேண்டியது படிப்பைப் பற்றி அல்ல.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். அக்கா பி.காம். முடித்துவிட்டு, ஆசைப்பட்டு அத்தை மகனையே கட்டினாள். மச்சான் பத்தாவதோடு நின்று கொடிக்காலில் இறங்கியவர். "படிச்ச பிள்ளையைக் கொண்டுபோய் வெத்தலைக் கொடிக்கால்ல தள்ளுறீங்களே" என்று ஊரே கேட்டது. அவர்களுக்குள் படிப்பை வைத்து ஒரு சண்டையும் நான் பார்த்ததில்லை. கொடியை எப்போது இறக்கிக் கட்டவேண்டும் என்பது அவருக்கு அத்துபடி, கூலிக் கணக்கும் கமிஷன் கணக்கும் அவளுக்கு. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

சண்டை வந்தது அக்கா மதுரைக்கு வேலைக்குப் போனதில்தான். வெற்றிலை கிள்ள, அதை அடுக்கிக் கவுளிக் கட்டாகக் கட்ட வீட்டில் ஒரு கை குறைந்தால் கூலிக்கு ஆள் தேடவேண்டும். அத்தைக்குக் கோபம். அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். நிலம் வெளியே போகக்கூடாது என்று, பதினைந்து வயது மூத்த தாய்மாமனுக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். பிடிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பொருந்தாத கல்யாணம் என்றால் எனக்கு அதுதான்.

இப்போது காலம் வேறு. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் 2022 முதல் மாதம் 1000 ரூபாய். எங்கள் தெருப் பிள்ளைகள் காலையிலேயே மதுரைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். விவசாயம் பார்க்கும் பையன்களுக்குப் பெண் அமைவதே சிரமமாகிவிட்டது. அதனால் உங்களைப் போன்ற ஜோடிகள் இனி கூடத்தான் செய்யும்.

அப்புறம், நெருங்கிய சொந்தம் என்பதால் ரெண்டு பேருமாக ஒருமுறை டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். உறவுக்குள் கட்டினால் பிள்ளைகளுக்கு மரபணுக் குறைபாடு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

அவரிடம் நேராகவே கேளுங்கள்: நான் வேலைக்குப் போகலாமா, சம்பளம் யார் கையில் இருக்கும், அறுப்புக் காலத்தில் லீவு போடச் சொல்வீர்களா? "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் விடாதீர்கள். "அவ வேலைக்குப் போவா" என்று அவர் தன் வாயால் அவருடைய அம்மாவிடம் சொல்லவேண்டும், அதுவும் தாலி கட்டும் முன்பே. மச்சானும் சொன்னார், ரொம்ப நாள் கழித்து. அதற்குள் அக்கா அந்த வேலையை விட்டிருந்தாள்.